இன்ஜின் மாற்றினோம், கிளட்ச் கைவிட்டது

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘‘ஐயா, எங்களிடம் பழைய மாஸி 1035 டிராக்டர் இருக்கிறது. அப்பா காலத்து வண்டி. போன தாளடி முடிந்ததும் பிளாக்கில் விரிசல் விட்டு, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. சரிசெய்வதைவிட வேறு இன்ஜின் போடலாம் என்று மெக்கானிக் சொன்னதால், பழைய வண்டி உடைக்கும் கடையில் அதே வகை இன்ஜின் ஒன்றை 60,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால், மாட்டிய நாளிலிருந்து கியர் கரகரவென்று அரைக்கிறது. ரிவர்ஸ் விழவே மாட்டேன் என்கிறது. கிளட்சை அடிவரை மிதித்தாலும் வண்டி மெல்ல ஊர்கிறது. மெக்கானிக் கிளட்ச் ராடை இரண்டு முறை டைட் வைத்தார். அரைப்பது குறையவில்லை. இப்போது சேற்றில் இறங்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. கருகல் வாடை வருகிறது. போன வாரம் ரோட்டவேட்டர் மாட்டும்போது, என் தம்பி நடுவில் நிற்க, வண்டி தானாகப் பின்னால் நகர்ந்து அவன் தொடையை உரசிவிட்டது. நாற்றங்கால் விட்டாகிவிட்டது. இன்னும் 18 மா சேறடிக்க வேண்டும். என்ன செய்வது?’’

(அம்மாபேட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததும் முதலில் போன் போட்டு ஒன்றுதான் சொன்னேன். இந்த வண்டியை வைத்துக்கொண்டு இனி ஒரு மா கூட ஓட்டாதீர்கள். தொடையில் உரசியது தப்பித்த கணக்கு. டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் ஆள் நிற்கும்போது, கிளட்ச் விடாத வண்டி ஒரு சாண் நகர்ந்தாலே போதும். கிளட்ச் சரியாக இருக்கும் வண்டியிலும், பின்னால் எடுத்து நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, கை பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்திய பிறகுதான் ஆள் நடுவே போய் பின் மாட்ட வேண்டும். ‘ஒரு நிமிஷ வேலைதானே’ என்று ஓடுகிற வண்டிக்குப் பின்னால் பையனை நிறுத்துவது நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் நடக்கிறது.

சேறடிப்பதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரைக் கேளுங்கள் என்றேன். உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். பருவ நேரத்தில் முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் வண்டியைப் பிரித்துப்போட்டு நிதானமாகப் பார்க்க நமக்கும் நாள் வேண்டுமே. அவர் பக்கத்து ஊர் வண்டி ஒன்றைப் பிடித்து வேலையை ஓட்டிக்கொண்டார்.

இனி கோளாறுக்கு வருவோம். கடிதத்தில் இரண்டு நோய் இருப்பதுபோலத் தெரிகிறது. ஒன்று, கிளட்ச் விடவில்லை. இன்னொன்று, கிளட்ச் பிடிக்கவில்லை. ஒரே கிளட்ச்சுக்கு இரண்டும் எப்படி வரும்? முதல் நோய்க்குப் பார்த்த தப்பு வைத்தியம்தான் இரண்டாவது நோய். ராடை டைட் வைக்க வைக்க, பெடலில் இருக்க வேண்டிய வெறும் ஆட்டம் காணாமல் போகிறது. ரிலீஸ் பேரிங் எந்நேரமும் ஃபிங்கரில் ஏறி உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பெடலில் கால் வைக்காவிட்டாலும் வண்டி பாதி கிளட்ச்சில்தான் ஓடுகிறது. கேஜ் வீல் போட்டுச் சேற்றில் இறக்கினால் பிளேட் வழுக்காமல் என்ன செய்யும்? கருகல் வாடை லைனிங் எரிகிற வாடை.

பெடலில் அந்த வெறும் ஆட்டம் பழைய டிராக்டர்களில் ஏறக்குறைய ஒரு அங்குலம் இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கிறது. ராடில் கை வைக்கும் முன் அதை அளக்காத மெக்கானிக்கிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இரண்டாவதாக, வண்டியைப் பிரிக்காமலே ஒரு சோதனை செய்யச் சொன்னேன். களத்து மேடு போலச் சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி.ஓ. நியூட்ரலில் இருக்கட்டும். ஹை ரேஞ்சில் டாப் கியர் போடுங்கள். குறைந்த கியர் வேண்டாம். அதில் கிளட்ச் விட்டிருந்தாலும் தள்ளுவது கடினம். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை அடிவரை மிதிக்க, நான்கு பேர் பக்கவாட்டில் பின் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுங்கள். இன்ஜினும் சேர்ந்து சுற்றப் பார்த்து வண்டி மரம்போல நின்றால், பிரஷர் பிளேட் பிளேட்டை விடவே இல்லை. வண்டி உருண்டால், கிளட்ச் விடுகிறது. ஆனால் ஓடும்போது வேறு ஏதோ ஒன்று கியர்பாக்ஸ் ஷாஃப்டை இன்ஜினோடு சேர்த்து இழுத்துச் சுற்றுகிறது.

மறுநாள் போனில் அவர் சொன்னார்: ‘‘உருளுதுங்க. கொஞ்சம் முரண்டு பண்ணுது, ஆனா உருளுது.’’

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் பைலட் பேரிங் மேல் போனது. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் நுனி, ஃப்ளைவீல் நடுவிலோ கிராங்க் ஷாஃப்ட் முனையிலோ (வண்டிக்கு வண்டி மாறும்) ஒரு சின்ன பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். கிளட்ச் பிடித்திருக்கும்போது ஷாஃப்டும் ஃப்ளைவீலும் ஒன்றாகச் சுற்றும். அந்த பேரிங்குக்கு வேலையே இல்லை. கிளட்சை மிதித்தவுடன்தான் அதற்கு வேலை. ஃப்ளைவீல் சுற்ற, ஷாஃப்ட் நிற்க வேண்டும். பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால், ஷாஃப்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்ற வைக்கும். கிளட்ச் விட்டும் விடாத கதை. ராடை எவ்வளவு டைட் வைத்தாலும் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கும்பகோணத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது அவர் வீட்டுக்கே போய்விட்டேன். மெக்கானிக்கும் வந்திருந்தார். நல்ல தொழில்காரர்தான், இன்ஜினை அவர் உட்கார வைத்திருந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘‘அதே கம்பெனி, அதே மூணு சிலிண்டர், போல்ட் ஓட்டை எல்லாம் அப்படியே ஒக்காந்துச்சு. அப்புறம் என்னங்க பார்க்கணும்?’’ என்றார்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சென்னையில் 1960-ல் டாஃபே தொடங்கி மாஸி டிராக்டர் செய்ய ஆரம்பித்தபோது, அந்த வண்டியின் மூலம் இங்கிலாந்தின் மாஸி பெர்குசன் 35. அந்த மாஸி பெர்குசன் நிறுவனமே 1959-ல் பெர்கின்ஸ் இன்ஜின் கம்பெனியை வாங்கியிருந்தது. பெர்கின்ஸ் வடிவமைப்பில் நம் செம்பியம் சிம்ப்சன் ஆலை இன்ஜின் செய்கிறது. இந்தக் குடும்பத்து மூன்று சிலிண்டர் இன்ஜின் டிராக்டரில் மட்டுமா ஓடுகிறது? ஜெனரேட்டரில், கம்ப்ரஸரில், வேறு இயந்திரங்களில் என்று பல வேலைக்குப் போயிருக்கிறது. பிளாக் ஒன்றாக இருக்கலாம். பின்பக்கம் ஃப்ளைவீல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டிராக்டரிலேயே சிங்கிள் கிளட்ச் வண்டி, டியூயல் கிளட்ச் வண்டி என்று இருக்கிறது. ஆகவே, வேறு இன்ஜின் வாங்குகிறவர்கள் பழைய இன்ஜினின் ஃப்ளைவீலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் அருகருகே வைத்து அளந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். இவர் வீட்டில் பழைய இன்ஜின் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. நல்லதாகப் போயிற்று.

வண்டியைப் பிரிக்க முன் அச்சில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்கச் சொன்னேன். முன் அச்சு நடுவில் ஒரு பின்னில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆப்பு இல்லாமல் வண்டியை இரண்டாகப் பிரித்தால் இன்ஜின் பாதி பக்கவாட்டில் சாயும். அதன் கீழே கை இருந்தால் கை போகும். பின்பாதிக்கு ஜாக்கி மட்டும் போதாது, கட்டைகள் அடுக்குங்கள்.

பிரித்ததும் பெல் ஹவுசிங்குக்குள் காய்ந்த களி ஒரு கை அளவு இருந்தது. ஹவுசிங்கின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். உள்ளே ஆயிலோ தண்ணீரோ கசிந்தால் வெளியே போகத்தான் அந்தத் துளை. சேறடிக்கும்போது மட்டும் அதற்கு அடைப்பு போட வேண்டும், கரையேறியதும் எடுத்துவிட வேண்டும். பல வண்டிகளில் அந்த அடைப்பே இருப்பதில்லை. எங்கே போயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நம் பழைய டெல்டாக் களி மண் அந்தத் துளை வழியே ஏறி, பிளேட்டிலும் ஸ்ப்லைனிலும் உட்கார்ந்து, காய்ந்தால் சிமென்ட் மாதிரி. ஸ்ப்லைனில் களி ஒட்டி பிளேட் வழுக்கி நகராவிட்டாலும் கிளட்ச் விடாது.

உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதப் போனார் மெக்கானிக்கின் உதவியாளர் பையன். தடுத்தேன். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடையுங்கள்.

பிளேட் இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் பளபளத்து, ஓரத்தில் கருகியிருந்தது. அது நாம் எதிர்பார்த்ததுதான். பிரஷர் பிளேட்டைக் கழற்றி, ஃப்ளைவீல் நடுவில் விரலை விட்டுப் பைலட் பேரிங்கைச் சுற்றச் சொன்னேன். மெக்கானிக் விரலை விட்டார். முகம் மாறியது. பேரிங் கால் சுற்று போய் நின்றது. இன்னும் அழுத்தினால் மண் அரைப்பதுபோல ஒரு சத்தம். அந்த இன்ஜின் கடை வாசலில் எத்தனை மழை நனைந்து கிடந்ததோ! வாங்கும்போது எல்லோரும் லைனரைப் பார்த்தார்கள், ஆயிலைத் தொட்டுப் பார்த்தார்கள், கிராங்கை ஆட்டிப் பார்த்தார்கள். சில நூறு ரூபாய் பேரிங்கை யாரும் தொடவில்லை. ஷாஃப்டின் நுனியில் அது உராய்ந்த வட்டக் கோடு லேசாகத் தெரிந்தது. எமரித் தாளில் போகிற அளவுதான். இன்னும் ஒரு பருவம் ஓட்டியிருந்தால் ஷாஃப்டையே மாற்ற வேண்டி வந்திருக்கும்.

அத்தோடு நின்றுவிடவில்லை. பிரித்தது பிரித்தாயிற்று, மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று பழைய ஃப்ளைவீலையும் கழற்றி இரண்டையும் திண்ணையில் வைத்து அளந்தோம். கிளட்ச் பிளேட் உட்காரும் முகத்துக்கும் பிரஷர் பிளேட் கவர் போல்ட் ஆகும் விளிம்புக்கும் உள்ள ஆழம்தான் முக்கியமான அளவு. ஒரு நேர்ச்சட்டமும் வெர்னியரும் போதும். இரண்டும் ஒன்றாக இருந்தன. அந்த மட்டில் அவருக்கு அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி இருக்காது. லேத்தில் கொடுத்து ஃப்ளைவீல் முகத்தை மட்டும் சீவி, விளிம்பைச் சீவாமல் விட்டிருந்தால், ஆழம் கூடிவிடும். பிரஷர் பிளேட் அதிக தூரம் இறங்கிப் பிடிக்க வேண்டும்; ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் குறையும்; புதுப் பிளேட் போட்டாலும் வழுக்கும். ஆழம் குறைந்தாலோ நேர் எதிர்: ஃபிங்கர் பேரிங்கை விட்டு விலகிப்போய், பெடலை அடிவரை மிதித்தாலும் விடாது. முகத்தில் எவ்வளவு எடுக்கிறீர்களோ, விளிம்பிலும் அவ்வளவே எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று ஃபிங்கரும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் பிரஷர் பிளேட் சாய்ந்து எழும்பும், ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். இவருடையதில் ஒரு ஃபிங்கர் தாழ்ந்திருந்தது, சரிசெய்தோம். டியூயல் கிளட்ச்சில் இன்னொரு வேலை இருக்கிறது. பாதி மிதித்தால் வண்டி நிற்க வேண்டும், முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்க வேண்டும். அந்த இரண்டாம் கட்டத்துக்குத் தனியாக அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டுகள் உண்டு. ஃபீலர் கேஜ் வைத்துக் கையேட்டு அளவில் வைக்க வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் ரோட்டவேட்டர் கத்தி நிற்காது. அதில் சிக்கிய வைக்கோலை எடுக்கக் கை நீட்டுகிறவருடைய கதி என்ன?

பூட்டும்போது நடக்கும் தப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஓர் அறுவடைக்கு முன்னால் ஒரு வண்டியின் கிளட்ச் மாற்றி, இரண்டு பாதியையும் சேர்க்கும்போது ஷாஃப்ட் ஸ்ப்லைனில் நுழைந்துவிட்டது, ஹவுசிங் மட்டும் இரண்டு அங்குலம் சேரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். அப்படியே விட்டுவிட்டுப் போனேன். பின்பாதியின் பாரம் முழுக்கப் பிளேட்டின் நடுவில் தொங்கியது. வந்து போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்த்தேன். புதுப் பிளேட் வளைந்துவிட்டது. வண்டி கியர் விழாமல் அரைத்தது. நானும் ராடைத்தான் திருகினேன்! மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் திட்டவில்லை, புதுப் பிளேட் காசை அவரே கொடுக்க வந்தார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே: இரண்டு நீளமான தலையில்லாத போல்ட்டை வழிகாட்டியாக ஹவுசிங் ஓட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தச்சரிடம் அதே அளவில் மரத்தில் கடைந்து வாங்கலாம். கிளட்ச் பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். திருப்பிப் போட்டால் நடுமேடு ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும். ஹவுசிங்கில் டவல் பின் இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். கடையில் இன்ஜின் கழற்றும்போது அவை தொலைந்துபோவது சகஜம். போல்ட் மட்டும் இருந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் நேர்க்கோட்டில் உட்காராது. கடைசி வரை கையால் தள்ளியே சேர வேண்டும். போல்ட்டைத் திருகி இழுக்க வேண்டிய நிலை வந்தால் ஏதோ இடிக்கிறது என்று பொருள்.

புதுப் பைலட் பேரிங், புதுப் பிளேட், வடிகால் துளைக்கு ஓர் அடைப்பு. ராடைத் தளர்த்திப் பெடல் ஆட்டத்தைக் கையேட்டு அளவுக்கு வைத்தார் மெக்கானிக். மாலை ஐந்தரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. அவர் தம்பி சற்றுத் தள்ளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

செலவு யார் தலையில் என்று அங்கேயே பேச்சு வந்தது. பேரிங் செலவு வண்டிக்காரருடையது. அது இன்ஜினோடு வந்த குறை. கருகிய பிளேட்? ராடை டைட் வைத்தது மெக்கானிக். வாடை வந்த பிறகும் ஆறு மா ஓட்டியது வண்டிக்காரர். பாதிக்குப் பாதி என்று நான் சொன்னேன். இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை என்பது தெரிந்தது. ஆனாலும், மெக்கானிக் பிரித்துப் பூட்டிய கூலியை வாங்கவில்லை.

கேள்வி: ‘‘டிராக்டரில் வேறு இன்ஜின் மாற்றிவிட்டோம். ஆர்.சி. புக்கில் பழைய இன்ஜின் நம்பரே இருக்கிறது. வயலுக்குள் ஓடுகிற வண்டிதானே, மாற்றாமல் விட்டால் பரவாயில்லையா?’’

(பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: விடாதீர்கள், அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்காகவே இருக்கிறது. இன்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். நெல் மூட்டை ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது ரோட்டில்தானே போகிறீர்கள்? வழியில் விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கிக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், இன்ஜின் வாங்கும்போதே நம்பர் போட்ட பில்லும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பரை அரத்தால் தேய்த்திருக்கும் இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பில் இல்லாமல் வாங்கிவிட்டால், கடைக்காரரிடம் இப்போதே போய்க் கேளுங்கள். நாள் ஆக ஆக அவர் மறந்துவிடுவார்.

கேள்வி: ‘‘கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டு வழுக்குகிறது. டீசலில் கழுவிக் காயவைத்துப் போடலாமா?’’

(மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போடலாம், ஒரு வாரம் ஓடும். லைனிங் ஆயிலைக் குடித்துவிட்டால், சூடேறியதும் மறுபடி கக்கும். டீசலும் ஆயில்தானே! பிளேட்டை மாற்றுங்கள். அதற்கு முன் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கறுப்பாக, தொட்டால் இளகலாக இருந்தால் இன்ஜின் ஆயில். கிராங்கின் பின் சீல் போயிருக்கிறது. பிசுபிசுவென்று கெட்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து சீல். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அடுத்த நடவுக்குள் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.